மெயிலில் வந்த 60 செட் ஆர்டரும் முகம் தெரியாத லோரிக்காரரும்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். நேரடி விற்பனைக் கம்பெனி ஒன்றில் இரண்டு வருடமாக முகப்பூச்சு, சோப்பு, லோஷன் விற்கிறார். போன வாரம் ஒரு மெயில் வந்திருக்கிறது. எழுதியவர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாராம். மகள் திருமணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க 60 செட் வேண்டுமாம். செட் 85 வெள்ளி (ரிங்கிட்), ஆக 5,100 வெள்ளி. பணம் கிரெடிட் கார்டில். "பொருளை எடுக்க வரும் லோரிக்காரரிடம் கார்டு வாங்கும் வசதி இல்லை. அதனால் என் கார்டில் 8,900 வெள்ளியாக எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 3,400 வெள்ளியை அவர் கணக்கில் போட்டுவிடுங்கள். மிச்சம் 400 வெள்ளி உங்கள் சிரமத்துக்கு" என்று எழுதியிருக்கிறார். கார்டு எண்ணோடு பின்பக்கத்து மூன்று இலக்கத்தையும் அனுப்பிவிட்டார். தங்கச்சி கம்பெனியில் 60 செட்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டார், பணம் இன்னும் கட்டவில்லை. மாதக் கடைசி. இந்த ஆர்டர் கைகூடினால் அடுத்த நிலைக்கு ஏறிவிடலாம். "அக்கா, இது நிஜமா? வெள்ளிக்கிழமைக்குள் லோரிக்காரருக்குப் பணம் போடச் சொல்கிறார்" என்று கேட்கிறார்.

நிஜம் இல்லை, தங்கச்சி. அந்தக் கார்டில் ஒரு காசும் எடுக்காதீர்கள். லோரிக்காரர் கணக்கில் ஒரு காசும் போடாதீர்கள். இந்த இரண்டையும் முதலில் மனதில் வாங்கிக்கொண்டு மீதியைப் படியுங்கள். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே மெயில் ஆளும் பொருளும் மாறி உங்களுக்குத் திரும்பவும் வரும்.

நான் பினாங்கில் 19 வருடமாக நேரடி விற்பனை செய்கிறேன். முதலில் சமையலறை டப்பாக்கள், இப்போது சத்துமாவும் முகப்பூச்சும். அதற்கு முன் ஒரு வங்கியில் காசோலைப் பிரிவில் ஒன்பது வருடம் இருந்தேன். என் குழுவில் இருந்த ஒரு பெண்ணுக்கு 2017இல் இதே மாதிரி ஒரு மெயில் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த மோசடி குறி வைப்பது உங்கள் பொருளை இல்லை. 60 செட் முகப்பூச்சை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்யப் போகிறான்? அவனுக்கு வேண்டியது அந்த 3,400 வெள்ளி. உங்கள் கையில் வரும் 8,900 வெள்ளி கெட்ட பணம், எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போய்விடும். உங்கள் கையிலிருந்து போகிற 3,400 வெள்ளி நல்ல பணம், போனால் போனதுதான். கெட்ட பணத்தைக் காட்டி நல்ல பணத்தை வாங்கிக்கொள்கிற வேலை இது. திருமணம், மகள், 60 செட், லோரி எல்லாம் அதற்குச் சுற்றிய காகிதம்.

கார்டு விஷயத்தில் நம்மில் பலருக்கு ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. பேமண்ட் லிங்க்கில், அதாவது கார்டில் பணம் வாங்கும் இணையப் பக்கத்தில், கார்டு எண்ணைப் போட்டதும் 'அங்கீகரிக்கப்பட்டது' என்று வந்தால் பணம் நம்முடையதாகிவிட்டது என்று நினைக்கிறோம். அந்த அங்கீகாரம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்தக் கார்டு உயிரோடு இருக்கிறது, இதில் இவ்வளவு தொகைக்கு இடம் இருக்கிறது. கார்டை நீட்டுகிறவர்தான் அதன் சொந்தக்காரரா என்பது அதில் தெரியாது. எங்கோ ஓர் ஊரில் அந்தக் கார்டுக்கு உண்மையான சொந்தக்காரர் ஒருவர் இருப்பார். மாதக் கடைசியில் கணக்கு அறிக்கையைப் பார்த்து, 'இது நான் வாங்கியதில்லையே' என்று தன் வங்கியிடம் சொல்வார். வீசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் இப்படித் தகராறு எழுப்பப் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. நான்கு மாதம்! கார்டை நேரில் பார்க்காமல், எண்ணை மட்டும் வைத்து எடுத்த பணம் என்றால் நஷ்டம் பெரும்பாலும் விற்றவர் தலையில்தான் விழும். முழு 8,900 வெள்ளியையும் உங்களிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்வார்கள். பல சமயம் அதற்கு ஒரு கட்டணமும் போடுவார்கள்.

இப்போது, அவர் சொன்னபடியே எல்லாம் செய்துவிட்டீர்கள் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வந்த 8,900 போய்விட்டது. லோரிக்காரருக்குப் போட்ட 3,400 போய்விட்டது. 60 செட்டுக்கு நீங்கள் கம்பெனிக்குக் கட்டிய பணம், 25 விழுக்காடு கழிவு போக, 3,825 வெள்ளி. பொருளையும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் மொத்தம் 7,225 வெள்ளி உங்கள் சொந்தக் காசு. ஒரு செட் விற்றால் உங்களுக்கு 21 வெள்ளி சொச்சம் நிற்கிறது. இந்த நஷ்டத்தை ஈடுகட்ட 340 செட் விற்க வேண்டும்.

அந்த நஷ்டத்தை யாரும் உங்களோடு பங்கு போட்டுக்கொள்ள மாட்டார்கள். நாம் கம்பெனியின் பேரைச் சொல்லி விற்கிறோம், கம்பெனியின் பையைத் தூக்குகிறோம், கூட்டத்தில் கைதட்டுகிறோம். ஆனால் நாம் கம்பெனியின் ஊழியர் இல்லை. சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் பாருங்கள். 'சுதந்திர விநியோகஸ்தர்' என்றோ அதே பொருளில் வேறொரு சொல்லோ இருக்கும். கம்பெனியைப் பொறுத்தவரை 60 செட்டை வாங்கியது நீங்கள், அந்த ஆஸ்திரேலியாக்காரர் இல்லை. ஒரு கடையில் இப்படி நடந்தால் முதலாளி தாங்கிக்கொள்வார், விற்ற பிள்ளைக்குச் சம்பளம் வரும். நமக்கு முதலாளியும் நாமே, விற்ற பிள்ளையும் நாமே. இதை ஏமாற்றுகிறவர்கள் நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

நம்மைக் கண்டுபிடிப்பதும் அவர்களுக்குச் சுலபம். பல கம்பெனிகள் ஒவ்வொரு விற்பனையாளருக்கும் ஒரு தனிப் பக்கம் கொடுக்கின்றன, அதில் பெயர், ஊர், மெயில் முகவரி எல்லாம் இருக்கிறது. நமக்கு வாடிக்கையாளர் வர வேண்டும் என்று வைத்த கதவு அது, அந்தக் கதவு வழியாகத்தான் இவர்களும் வருகிறார்கள். ஒரே கடிதத்தை நூற்றுக்கணக்கான முகவரிகளுக்கு அனுப்புவார்கள். அதனால்தான் உங்கள் மெயிலில் உங்கள் பெயர் இல்லை. 'ஐயா அல்லது அம்மா' என்று ஆரம்பித்திருக்கும், பாருங்கள்.

இந்த ஏமாற்று முறை அமெரிக்காவில் காசோலையை வைத்துப் பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே 1987இல் வந்த ஒரு சட்டத்தின்படி, காசோலை போட்டவருக்கு வங்கி சில நாளுக்குள் பணத்தை எடுக்க விட்டாக வேண்டும். ஆனால் காசோலை போலி என்று தெரிய வாரக்கணக்கில் ஆகலாம். நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் ஏமாற்றுகிறவன் தன் வேலையை முடிக்கிறான். "கூடுதலாகக் காசோலை அனுப்பிவிட்டேன், மீதியைப் பொருள் எடுக்க வருகிறவருக்குக் கொடுங்கள்" என்பான். வங்கியிலேயே பணம் கொடுத்துவிட்டார்கள் என்று நம்பி விற்பனையாளர் அனுப்பிவிடுவார்.

நம் நாட்டில் காசோலை அவ்வளவு நாள் எடுக்காது, சாதாரணமாக அடுத்த வேலை நாளிலேயே தீர்ந்துவிடும். ஆனாலும் இதே ஏமாற்று இங்கே வேறு வேடத்தில் நடக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வங்கி மூடிய பிறகு ஒருவர் காசோலை இயந்திரத்தில் ஒரு காசோலையைப் போடுவார். இயந்திரம் ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கும். அதைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பி, "பேங்க் இன் பண்ணிவிட்டேன், கணக்கில் பாருங்கள்" என்பார். நீங்கள் போனைத் திறந்து பார்த்தால் தொகை தெரியும். மனம் குளிர்ந்துவிடும். கொஞ்ச நேரத்தில் ஒரு போன் வரும். "ஐயோ, எங்கள் கணக்குப் பிள்ளை தப்பாக எழுதிவிட்டாள், 1,900க்குப் பதிலாக 9,100 வெள்ளி போட்டுவிட்டோம். மீதியை மட்டும் இன்றைக்கே திருப்பிப் போடுங்கள், என் வேலையே போய்விடும்" என்று அழுவார்கள். சனி, ஞாயிறு வங்கி கிடையாது. அடுத்த வாரம் அந்தக் காசோலை திரும்பி வரும். கையெழுத்து வேறாக இருக்கும், இல்லை மூடிய கணக்காக இருக்கும், இல்லை திருடிய காசோலையாக இருக்கும்.

இதிலிருந்து தப்பிக்க ஒரே ஒரு வரியைப் பார்த்தால் போதும். உங்கள் கணக்கில் இரண்டு தொகை தெரியும். ஒன்று மொத்த இருப்பு, இன்னொன்று எடுக்கக்கூடிய இருப்பு. காசோலை இன்னும் தீராமல் இருந்தால் அந்தத் தொகை மொத்த இருப்பில் சேர்ந்திருக்கும், எடுக்கக்கூடிய இருப்பில் சேர்ந்திருக்காது. நடுவில் தொங்குகிற அந்தத் தொகையை வங்கியில் ஃப்ளோட் என்போம். சில வங்கி ஆப்பில் 'ஒரு நாள் ஃப்ளோட்' என்று தனி வரியாகவே காட்டும். ஃப்ளோட்டில் இருக்கும் பணம் உங்கள் பணம் இல்லை. வெளிநாட்டுக் காசோலை என்றால் கதையே வேறு, அதை வசூலுக்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நேரடி விற்பனைக்கு யாராவது வெளிநாட்டுக் காசோலை அனுப்புகிறேன் என்றால், 'வேண்டாம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுங்கள்.

இன்னொரு வடிவம் இருக்கிறது. இது எனக்கு எல்லாவற்றையும் விட அதிகக் கவலை தருவது. இதில் பணம் நிஜமாகவே வந்துவிடும். கார்டும் இல்லை, காசோலையும் இல்லை, நேராக வங்கி மாற்றம். எடுக்கக்கூடிய இருப்பிலும் ஏறிவிடும். நீங்களும் பொருளுக்கு உரியதை எடுத்துக்கொண்டு மீதியை லோரிக்காரர் கணக்குக்கு அனுப்பிவிடுவீர்கள். ஒரு நஷ்டமும் இல்லையே என்று தோன்றும். ஆனால் அந்தப் பணம் ஈப்போவிலோ ஜோகூரிலோ வேறொரு மோசடியில் ஏமாந்த யாரோ ஒருவருடையது. அவர் போலீஸில் புகார் கொடுக்கும்போது அவர் பணம் போன முதல் கணக்கு உங்களுடையது. உங்கள் கணக்கு முடங்கும், போலீஸ் உங்களைத்தான் விசாரணைக்குக் கூப்பிடும். நம் நாட்டில் இதைக் கழுதைக் கணக்கு என்கிறோம், அடுத்தவன் மூட்டையைச் சுமக்கிற கணக்கு. 2024இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, அடுத்தவர் பணம் புழங்கத் தன் கணக்கையோ ஏடிஎம் கார்டையோ கொடுப்பதைத் தனிக் குற்றமாகவே ஆக்கிவிட்டார்கள். தெரியாமல் செய்தேன் என்று நீங்கள் நிரூபித்து வெளியே வரலாம். ஆனால் அதற்குள் மாதக்கணக்கில் வங்கிக் கணக்கு இல்லாமல், கம்பெனிக் கழிவும் வாங்க முடியாமல் அலைய வேண்டியிருக்கும்.

அதனால் கார்டோ, காசோலையோ, வங்கி மாற்றமோ, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். 'எனக்கு வருகிற பணத்தில் ஒரு பகுதியை வேறு யாருக்காவது அனுப்பச் சொல்கிறாரா?' ஆமாம் என்றால் அந்த ஆர்டர் அங்கேயே முடிந்தது. லோரிக்காரர் என்பார், கப்பல் ஏஜெண்ட் என்பார், கல்யாண மண்டபக்காரர் என்பார், புகைப்படக்காரர் என்பார். தன் பணத்தைத் தானே அவருக்குக் கொடுக்க முடியாத ஒருவர் உங்களிடம் எப்படி வந்தார்?

சரி, நிஜமான பெரிய ஆர்டர் வரவே வராதா? வரும். தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் எனக்கு 80, 100 என்று ஆர்டர் வந்திருக்கிறது. அந்த ஆர்டர் எப்படி வரும் என்று பாருங்கள். போன வருடம் கெலுகோரில் ஒரு அம்மா மகள் கல்யாணத்துக்கு டப்பா கேட்டார். முதல் செய்தியே இப்படி: "அக்கா, போன தடவை கொடுத்தீங்களே, அதில் ஒரு மூடி லூசா இருக்கு, மாத்தித் தருவீங்களா? அப்புறம் கல்யாணத்துக்கு இதே மாதிரி சின்னது இருக்கா?" பிறகு வீட்டுக்கு வந்தார். மூன்று நிறத்தை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பச்சை பிடிக்காது என்றார். மூடியை நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தார். ஒரு டப்பாவுக்கு 50 சென் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேசினார். முன்பணம் 200 வெள்ளி கொடுத்துவிட்டு, பெயரை அச்சடித்து ஒட்ட முடியுமா என்று கேட்டார். 100 டப்பா வாங்குகிற தமிழ் அம்மா அப்படித்தான் வாங்குவார்.

உங்கள் ஆஸ்திரேலியாக்காரர் என்ன கேட்டார்? தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டாரா? வாசனை எப்படி இருக்கும், எப்போது காலாவதி ஆகும், பரிசு டப்பாவில் வருமா என்று கேட்டாரா? 60 செட்டுக்குக் கழிவு கேட்டாரா? முதல் மெயிலில் அவர் கேட்டது 'கிரெடிட் கார்டு வாங்குவீர்களா' என்பது மட்டும்தான். பொருளின் பெயரைக்கூடச் சரியாக எழுதியிருக்க மாட்டார், 'உங்கள் பொருட்கள்' என்றே எழுதியிருப்பார். விலை கேட்காமல் வாங்குகிறவரைப் பார்த்தால் நமக்குச் சந்தோஷம் வருகிறது. எனக்கு இப்போது பயம்தான் வரும்.

இன்னும் சில அடையாளங்களைச் சொல்லிவிடுகிறேன். போனில் பேசக் கூப்பிட்டால் வர மாட்டார்கள். காது கேட்காது என்பார்கள், கப்பலில் இருக்கிறேன் என்பார்கள், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்பார்கள். ஒரு கார்டு நிராகரிக்கப்பட்டால் உடனே இரண்டாவது எண் வரும், அதுவும் போனால் மூன்றாவது வரும். நல்ல மனிதர் யாரும் தன் கார்டு எண்ணையும் பின்பக்க மூன்று இலக்கத்தையும் முன்பின் தெரியாதவருக்கு மெயிலில் எழுதி அனுப்ப மாட்டார். போனில் மெயிலைத் திறந்து, அனுப்பியவர் பெயரை விரலால் தொட்டால் முழு முகவரி தெரியும். சில நேரம் அனுப்பிய முகவரி ஒன்றாகவும், நாம் பதில் போட்டால் போகிற முகவரி இன்னொன்றாகவும் இருக்கும். அது போதும், மேலே ஒன்றும் பார்க்க வேண்டாம். ஆர்டர் விவரம் இணைப்பில் இருக்கிறது என்று ஜிப் கோப்போ, வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்போ (போனில் ஆப் ஏற்றும் கோப்பு) வந்தால் திறக்கவே திறக்காதீர்கள். ஏபிகே கோப்பைப் போனில் ஏற்றிவிட்டால் உங்கள் குறுஞ்செய்திகளை எல்லாம் அவன் படிக்க முடியும், வங்கி அனுப்பும் டிஏசி என்ற ஒருமுறை அனுமதி எண்ணும் அதில் போய்விடும். குறுஞ்செய்தி டிஏசியை விட்டுவிட்டு ஆப்பிலேயே அனுமதி கொடுக்கும் முறைக்கு மாறும்படி நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொன்னதற்கு இப்படிப்பட்ட திருட்டுகள்தான் காரணம்.

உங்களுக்கு இன்னும் மனதில் ஒரு மூலையில், 'ஒருவேளை நிஜமாக இருந்துவிட்டால்?' என்று இருக்கும். மாதக் கடைசியில் எனக்கும் அப்படித்தான் இருக்கும். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். இந்தப் பதிலை அப்படியே அனுப்புங்கள்: "ஆர்டருக்கு நன்றி. பொருளுக்கான 5,100 வெள்ளியை மட்டும் வங்கி மாற்றமாக அனுப்புங்கள். லோரிச் செலவை லோரிக்காரரிடம் நீங்களே கட்டிவிடுங்கள். பணம் வந்ததை என் வங்கி உறுதி செய்த பிறகுதான் கம்பெனியில் பொருள் எடுப்பேன். உங்களோடு ஒரு முறை வீடியோவில் பேச வேண்டும்." நிஜமான ஆள் இதில் ஒன்றுக்கும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஏமாற்றுகிறவன் கெஞ்சுவான், அவசரப்படுத்துவான், இல்லை காணாமல் போவான். மூன்றில் எது நடந்தாலும் உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

லோரிக்காரர் கணக்கு எண்ணை வைத்திருக்கிறீர்கள் அல்லவா? போலீஸ் நடத்தும் செமாக் மியூல் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். போன் எண்ணையும் போட்டுப் பார்க்கலாம். புகார் இருந்தால் எத்தனை என்று காட்டும். ஆனால் ஒன்று, புகார் எதுவும் இல்லை என்று வந்தால் அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நேற்றுத் திறந்த கழுதைக் கணக்கு மேல் இன்னும் யாரும் புகார் கொடுத்திருக்க மாட்டார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். டுயிட்நவ் என்ற உடனடி வங்கி மாற்றம் வழியாக அனுப்பும்போது கடைசிக் கட்டத்தில் கணக்குக்காரர் பெயர் வரும். லோரிக் கம்பெனி என்று சொன்னவர் கொடுத்தது ஒரு தனி ஆள் பெயரில் உள்ள கணக்காக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதேபோல், 'டுயிட்நவ்வில் போட்டுவிட்டேன்' என்று வரும் படத்தை நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள். அந்தப் படத்தை யாரும் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். உங்கள் ஆப்பைத் திறந்து உங்கள் கண்ணால் பாருங்கள்.

2017இல் என் குழுப் பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு, பதினோராம் மாடி. 48 செட் ஆர்டர் மெயிலில் வந்தது. பேமண்ட் லிங்க்கில் பணம் ஏறிவிட்டது, ஆனால் அவள் வங்கிக் கணக்குக்கு வர இரண்டு நாள் ஆகும். 'லோரி நாளைக்குக் கிளம்புகிறது, இன்றைக்கே பணம் வேண்டும்' என்று ஒரு நாளில் ஏழு மெயில். அவள் இரண்டு வளையலை அடகு வைத்து 2,600 வெள்ளி அனுப்பினாள். லோரி வரவில்லை. ஏழாவது வாரத்தில் கார்டுக்காரர் தகராறு எழுப்பிவிட்டார் என்று கடிதம் வந்தது. நான் போய்ப் பார்த்தபோது கூடத்தில் பெட்டிகள் ஜன்னல் உயரத்துக்கு இருந்தன. பிள்ளைகள் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு சந்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஏழு வாரமாக அவள் யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடம், 'கம்பெனி ஸ்டாக்' என்று சொல்லியிருந்தாள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை வழியில் கடை போட்டு அடக்க விலைக்கே விற்றோம். பெட்டிகள் போய்விட்டன. வளையல் திரும்பவில்லை.

அப்போது 997 என்ற மோசடிப் புகார் தொலைபேசி எண் கிடையாது. இப்போது இருக்கிறது, அதனால்தான் இதைச் சொல்கிறேன். தேசிய மோசடி எதிர்ப்பு மையம் 2022 அக்டோபரில் தொடங்கியது. போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம் எல்லாம் அதில் சேர்ந்து வேலை செய்கின்றன. இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், இந்த வரியோடு நிறுத்திவிட்டு 997ஐக் கூப்பிடுங்கள், இல்லை உங்கள் வங்கியின் மோசடிப் பிரிவைக் கூப்பிடுங்கள். நீங்கள் அனுப்பிய பணம் முதல் கணக்கில் ரொம்ப நேரம் நிற்காது. அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது என்று சில மணி நேரத்தில் பறந்துவிடும். எங்காவது நிற்கும்போது பிடித்தால்தான் உண்டு. அவமானமாக இருக்கிறது, நாளைக்குச் சொல்லலாம் என்று நினைக்கும் அந்த ஒரு ராத்திரியில்தான் பணம் கைமாறுகிறது. கூப்பிட்ட பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுங்கள், எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். மெயில், கணக்கு எண், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொண்டு போங்கள். கோபத்தில் மெயிலை அழித்துவிடாதீர்கள். வங்கி ஆப்பில் யாரோ புகுந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் ஆப்பிலேயே கணக்கை முடக்கும் வசதி இருக்கிறது, அதை முதலில் அழுத்துங்கள்.

பணம் போன பிறகு கொஞ்ச நாளில், 'உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் 500 வெள்ளி' என்று ஒருவர் வருவார். வக்கீல் என்பார், அதிகாரி என்பார். அதே கூட்டம்தான். ஒருமுறை ஏமாந்தவர் பட்டியல் அவர்கள் கையில் இருக்கிறது.

இனி உங்கள் 60 செட் விஷயம். பணம் கட்டவில்லை என்றீர்கள், நல்லது. நாளைக் காலையில் கம்பெனி அலுவலகத்தைக் கூப்பிட்டு ஆர்டரை ரத்து செய்யுங்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், அந்த மெயிலையும் அவர்களுக்கு அனுப்புங்கள். அதே மெயில் உங்களோடு சேர்ந்த இன்னும் பத்துப் பேருக்குப் போயிருக்கும், அவர்களை எச்சரிக்க கம்பெனியால் முடியும். ஒருவேளை ஏற்கெனவே கட்டியிருந்தால் திருப்பி எடுத்துக்கொள்ளும் விதி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தால்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். மெயிலில் வந்த கார்டு எண்ணை எங்கும் எழுதி வைக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். கம்பெனிக்கு மெயிலை அனுப்பும்போதும் அந்த எண்ணை மறைத்துவிடுங்கள். அது யாரோ ஒருவருடைய திருட்டுப் போன கார்டு. போலீஸ் கேட்டால் மட்டும் காட்டுங்கள்.

உங்கள் மேலாளர் அக்கா, "ஆர்டரை விடாதே, இந்த மாதம் இலக்கு போய்விடும்" என்று சொல்லியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கும் மாதக் கடைசிதான். ஆனால் கார்டு தகராறு வரும்போது கடிதம் உங்கள் பெயருக்குத்தான் வரும், அவர் பெயருக்கு வராது. நானும் ஒரு குழுவை நடத்துகிறேன், அதனால் சொல்கிறேன், குழுப் பெண்ணின் இலக்கை விட அவள் வீட்டுக் காசு எனக்குப் பெரிது. அவரிடம் இதைக் காட்டுங்கள். அவருக்கு இந்த லோரிக்காரர் கதை தெரியாமல் இருக்கலாம்.

வீட்டுக்காரரிடம் இன்றைக்கு ராத்திரியே சொல்லிவிடுங்கள். பணம் போகாத நேரத்தில் சொல்வது சுலபம். நான் எழுதித் தந்த பதிலை அனுப்பிய பிறகு அவர் என்ன எழுதுகிறார் என்று எனக்கும் காட்டுங்கள். வெள்ளிக்கிழமை வரைக்கும் எத்தனை மெயில் வந்தாலும் சரி, ஒன்றையும் அழிக்காமல் வையுங்கள்.